வேலைக்குப் போகிறவர் வீட்டில் முதல் சின்சில்லா: எந்த அறிகுறிக்கு என்ன செய்வது

காலையில் கிளம்பி இரவு ஏழு மணிக்கு வீடு திரும்புகிறவர் சின்சில்லா வளர்க்கலாமா? வளர்க்கலாம். அடர்ந்த ரோமம் கொண்ட, எலி இனத்தைச் சேர்ந்த சிறு பிராணி அது, பகலில் தூங்கும். நீங்கள் ஆபீஸுக்குக் கிளம்பும்போது அது தன் மரப்பெட்டிக்குள் சுருண்டிருக்கும், நீங்கள் வந்து சாப்பிட்டு முடிக்கும் நேரத்தில்தான் சுறுசுறுப்பாகும். அதனால் பகல் தனிமை அதைப் பெரிதாகப் பாதிக்காது. உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. சின்சில்லா நோயை மறைக்கும். சிலி நாட்டின் வறண்ட மலைச்சரிவுகளில் நரிக்கும் ஆந்தைக்கும் இரையாக வாழ்ந்த இனம் அது. வலியைக் காட்டிக்கொண்ட விலங்கு அங்கே பிழைத்திருக்காது. குடல் நின்றுபோனாலும், கடைவாய்ப் பல் வளர்ந்து நாக்கைக் கிழித்தாலும், மூலையில் அமைதியாகவே உட்கார்ந்திருக்கும். யாரும் இல்லாத ஒன்பது பத்து மணி நேரத்தில் தொடங்கும் கோளாறை, காலையும் மாலையும் கூண்டைப் பார்த்தே நீங்கள் பிடித்தாக வேண்டும்.

அதற்கு ஒழுங்கான நிலை எது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

காலையில் கிளம்பும் முன்: அடித்தட்டில் ஓர் இரவுக்குரிய புழுக்கை நிறைய இருக்க வேண்டும். நெல்மணியைவிடச் சற்றுப் பருமனாக, இரு முனையும் மழுங்கி, கரும்பழுப்பில், காய்ந்து, ஒரே அளவாக இருப்பது நல்ல புழுக்கை. உலர்புல் கண்ணுக்குத் தெரியும்படி குறைந்திருக்க வேண்டும். பெல்லட் (அழுத்திச் செய்த குச்சித் தீனி) கிண்ணம் காலி. தண்ணீர் பாட்டிலின் குழாய் நுனியில் உள்ள குண்டை விரலால் தட்டினால் சொட்டு விழ வேண்டும். அறையின் வெப்பமானியில் 21 டிகிரிக்கு மேல் போகக் கூடாது.

மாலையில்: பெல்லட் போடும் சத்தத்துக்கு வந்து நிற்கிறதா, தாடை காய்ந்திருக்கிறதா, கண் இரண்டும் ஒரே மாதிரி திறந்திருக்கின்றனவா, நான்கு காலிலும் எடை வைத்துத் தாவுகிறதா என்று பாருங்கள்.

வாரத்துக்கு ஒரு முறை, பெல்லட் போடுவதற்கு முன், சமையலறை டிஜிட்டல் தராசில் ஆழமான கிண்ணத்தை வைத்து எடை பார்த்துத் தேதியோடு எழுதி வையுங்கள். வளர்ந்த சின்சில்லா பெரும்பாலும் 400 முதல் 600 கிராம் இருக்கும். பத்து இருபது கிராம் ஏறி இறங்குவது இயல்பு. 500 கிராம் விலங்கில் 50 கிராம் குறைந்தால், மற்றபடி எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும், மருத்துவரிடம் போக வேண்டும். பல் நோயைப் பல நேரம் கண்ணுக்கு முன்னால் தராசு காட்டிவிடும். எடை எழுதும் நோட்டு இல்லாமல் சின்சில்லா வளர்க்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

தட்டில் புழுக்கை குறைவு, அல்லது இல்லவே இல்லை

இந்தப் பட்டியலில் மிக முக்கியமானது இதுதான். சின்சில்லாவின் குடல் ஓயாமல் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். நார்ச்சத்து உள்ளே வருவது நின்றால் பெருங்குடல் வாயில் உள்ள நுண்ணுயிர்களின் சமநிலை கெடும், வாயு சேரும், வயிறு வலிக்கும், வலியால் இன்னும் சாப்பிடாது. அதற்கு வாந்தி எடுக்க முடியாது, ஆகவே உள்ளே போனது வெளியே வர வேறு வழியும் இல்லை.

முதலில் தண்ணீர் பாட்டிலைப் பாருங்கள். குண்டு மாட்டிக்கொண்டு சொட்டு வராமல் போவது அடிக்கடி நடக்கும். தண்ணீர் இல்லாவிட்டால் காய்ந்த புல் இறங்காது, சாப்பாடு குறையும், அடுத்த நாள் புழுக்கை சிறுத்துவிடும். பகலில் சரிபார்க்க ஆள் இல்லாத வீட்டில் எப்போதும் இரண்டு பாட்டில் மாட்டுங்கள். இது செலவில்லாத காப்பீடு.

தண்ணீர் சரியாக இருந்தால் புழுக்கையைக் கையில் எடுத்துப் பாருங்கள். சிறியதாக, முனை கூர்மையாக, உடைத்தால் பொடியாகிறது என்றால் ஒன்றிரண்டு நாளாகவே குறைவாகத் தின்றிருக்கிறது என்று பொருள். உலர்புல்லை முகர்ந்து பாருங்கள். புழுங்கிய வாடை அடித்தால் அதைத் தொடாது, தொடவும் கூடாது. பாலித்தீன் பையில் இறுகக் கட்டிய புல் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும், அட்டைப் பெட்டியிலோ பருத்திப் பையிலோ வையுங்கள்.

இரண்டு சின்சில்லா சேர்ந்து இருந்தால் யார் புழுக்கை எது என்று தெரியாது. சந்தேகம் வந்த இரவு கூண்டின் நடுவே கம்பித் தடுப்பைப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் தனிப் புல், தனிப் பாட்டில் வைத்தால் காலையில் விடை கிடைக்கும்.

பன்னிரண்டு மணி நேரமாகப் புழுக்கையே இல்லை, சாப்பிடவும் இல்லை என்றால் அன்று லீவு போட வேண்டியதுதான். மாலை வரை காத்திருக்கக் கூடாது. மருத்துவரிடம் போகும் முன் வயிற்றை மெல்லத் தொட்டுப் பாருங்கள்.

1. வயிறு மிருதுவாக இருந்தால் ஊட்டலாம். சாப்பிடாத சின்சில்லா, முயல் போன்றவற்றுக்கு ஊட்டவென்றே விற்கும் தீனித் தூளை, ஆக்ஸ்போ கிரிட்டிக்கல் கேர் போன்றதை, பொட்டலத்தில் சொன்ன அளவில் வெதுவெதுப்பான நீரில் கரையுங்கள். ஊசி இல்லாத 1 மில்லி சிரிஞ்சை வெட்டுப்பல்லுக்குப் பின்னால் உள்ள பக்கவாட்டு இடைவெளியில் நுழைத்து, ஒரு நேரத்துக்கு அரை மில்லிக்கு மேல் தள்ளாமல், மென்று விழுங்கிய பிறகே அடுத்ததைக் கொடுங்கள். மல்லாக்கப் படுக்க வைத்து ஊட்டினால் நுரையீரலுக்குள் போய்விடும்.
2. வயிறு உப்பி இறுகி, மூச்சு வாங்கினால் வாய் வழியாக எதுவும் கொடுக்காதீர்கள். நேராக மருத்துவமனை.
3. ஓமத் தண்ணீர், கிரைப் வாட்டர், மனிதருக்கான பேதி மருந்து, வலி மாத்திரை எதுவும் வேண்டாம். வயிற்றை அழுத்தித் தேய்க்கவும் வேண்டாம்.

குடல் நிற்பது பெரும்பாலும் தனி நோய் இல்லை. பல் வலி, வெப்பம், அடிபட்ட வலி, பயம் என்று இன்னொன்றின் விளைவாகவே வரும். அதனால் மருத்துவர் வயிற்றுக்கு மட்டும் மருந்து கொடுத்து அனுப்பினால், வாயையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஆன்டிபயாடிக் எழுதினால் பெயரைக் கவனியுங்கள். அமாக்சிசிலின் உள்ளிட்ட பென்சிலின் வகைகளும், கிளிண்டாமைசின், லின்கோமைசின், எரித்ரோமைசின் போன்றவையும் வாய் வழியாகக் கொடுத்தால் குடல் நுண்ணுயிர்களைக் கொன்று சின்சில்லாவையே கொல்லக்கூடும். நாய் பூனைக்கு அன்றாடம் எழுதும் மருந்துகள் இவை. சின்சில்லாவுக்குப் பழக்கமில்லாத மருத்துவர் கை போக்கில் எழுதிவிடலாம். வேறு மருந்து உண்டா என்று மரியாதையாகக் கேட்பதில் தவறே இல்லை.

பக்கவாட்டில் படுத்திருக்கிறது, காது சிவந்திருக்கிறது

வெப்பத் தாக்கு. காதில் நரம்புகள் புடைத்துத் தெரியும், மூச்சு வேகமாக வாங்கும், சில நேரம் எச்சில் வழியும், தூக்கினால் துணி போலத் தொங்கும். நிமிடக் கணக்கில் செயல்பட வேண்டும்.

உடனே குளிர்ந்த அறைக்குக் கொண்டு போங்கள். கிரானைட் பலகை அல்லது வெறும் டைல்ஸ் தரைமேல் கிடத்துங்கள். குளிர்ந்த நீரில் பிழிந்த துணியைக் காதிலும் பாதங்களிலும் ஒற்றுங்கள். ஐஸ் நேரடியாக வைக்கவோ தண்ணீரில் முக்கவோ கூடாது, இரத்த நாளங்கள் சுருங்கி உள்வெப்பம் வெளியேறாமல் போகும். நினைவோடு இருந்தால் தண்ணீரை நக்கக் கொடுங்கள், வாய்க்குள் ஊற்றாதீர்கள். ஏசி ஓடும் காரில் மருத்துவரிடம் கொண்டு போங்கள். எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் போக வேண்டும், உள்ளுறுப்புக் கேடு மறுநாள்தான் வெளியே தெரியும்.

காரணம் அதன் ரோமம்தான். மனிதருக்கு ஒரு வேர்க்காலில் ஒன்றிரண்டு முடி என்றால், சின்சில்லாவுக்கு அறுபதுக்கும் மேல் முளைக்கும். வியர்வையும் கிடையாது. அதனால் மின்விசிறி பயன்படாது, காற்று தோலைத் தொடவே தொடாது. 15 முதல் 21 டிகிரி வசதி. 25 தாண்டினால் ஆபத்து தொடங்குகிறது. ஈரப்பதம் கூடினால் அதற்கும் முன்பே தொடங்கும். வளர்ப்பவர்கள் பயன்படுத்தும் ஒரு கணக்கு உண்டு: ஃபாரன்ஹீட்டில் வெப்பநிலையையும் ஈரப்பத சதவீதத்தையும் கூட்டுங்கள், 150ஐத் தாண்டக் கூடாது. 24 டிகிரி செல்சியஸ் என்பது 75 ஃபாரன்ஹீட். ஈரப்பதம் 75 இருந்தால் கூட்டுத்தொகை அப்போதே 150. சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் போன்ற ஊர்களின் காற்று என்ன சொல்கிறது என்பது இதிலேயே தெரிந்துவிடும். 1923இல் மத்தியாஸ் சாப்மன் என்ற அமெரிக்கர் சிலியிலிருந்து 11 சின்சில்லாக்களைக் கலிஃபோர்னியாவுக்குக் கொண்டுபோனபோது, மலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிப் பழக்கி, கப்பல் பயணம் முழுக்கப் பனிக்கட்டியால் குளிரூட்டியே கொண்டு சேர்த்தார். நூறாண்டு வளர்ப்புக்குப் பிறகும் அந்த உடல் மாறவில்லை.

வேலைக்குப் போகிறவருக்கு இதில் நான்கு ஏற்பாடு கட்டாயம்.

ஏசி பகலிலும் ஓட வேண்டும். நீங்கள் இல்லாத நேரத்துக்கு நிறுத்தி வைத்து, வந்ததும் போடுவது நடக்காது.

மின்சாரம் போய் வந்தபின் ஏசி தானாக மீண்டும் ஓடுகிறதா என்று சோதியுங்கள். மெயினை அணைத்து, ஐந்து நிமிடம் கழித்துப் போட்டுப் பாருங்கள். சில ஏசிகள் ரிமோட்டை அழுத்தும் வரை நின்றே கிடக்கும். இரண்டு நிமிட மின்வெட்டு அப்போது எட்டு மணி நேர வெப்பமாகிவிடும். சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி ஏசியை இழுக்காது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

வைஃபை வெப்பமானி ஒன்றைக் கூண்டின் உயரத்தில் வைத்து, 24 டிகிரியில் கைப்பேசிக்கு எச்சரிக்கை வரும்படி அமையுங்கள். மின்சாரம் போனால் ரவுட்டரும் நிற்கும், செய்தி வராது. ஆகவே ரவுட்டருக்குச் சிறிய யூபிஎஸ் தேவை.

எச்சரிக்கை வந்தால் யார் போய்ப் பார்ப்பது? பத்து நிமிடத்தில் வரக்கூடிய ஒருவரிடம் சாவி இருக்க வேண்டும். ஃப்ரீசரில் இரண்டு மூன்று தண்ணீர் பாட்டிலை உறைய வைத்து, துணி சுற்றிக் கூண்டை ஒட்டி வைக்கவும், கிரானைட் துண்டைக் குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்து உள்ளே வைக்கவும் அவருக்குக் காட்டிக் கொடுங்கள். இது ஓரிரு மணி நேரம் தாங்கும், அதற்குமேல் தாங்காது.

இந்த நான்கையும் செய்ய முடியாத வீட்டில் சின்சில்லா வேண்டாம். அதன் ஆயுள் பத்து முதல் பதினைந்து ஆண்டு, சில இருபதும் தொடும். அத்தனை கோடைகளையும் அது உங்களை நம்பித்தான் கடக்கிறது.

தாடை நனைந்திருக்கிறது, புல்லை விட்டுப் பெல்லட்டை மட்டும் தேடுகிறது

பல். சின்சில்லாவின் இருபது பற்களும் வாழ்நாள் முழுவதும் வளரும். வெட்டுப்பல் மட்டும் ஆண்டுக்கு 5 முதல் 7 சென்டிமீட்டர் வரை வளரக்கூடியது. கரடுமுரடான புல்லை மணிக்கணக்கில் அரைத்தால்தான் தேயும். பெல்லட்டை நாலு கடியில் முடித்துவிடுகிறது, கடைவாய்ப் பல் தேய அது போதாது. வாய்க்குள் வளரும் முனை நாக்கையோ கன்னத்தையோ குத்தும், மேல்தாடைப் பல்லின் வேர் எதிர்ப்பக்கம் வளர்ந்து கண்குழியை அழுத்தும். அதனால்தான் ஒரு கண்ணில் மட்டும் நீர் வழிவது பல நேரம் பல் கோளாறாக முடிகிறது.

முன்கால் ரோமம் ஈரமாகிக் கற்றையாக நிற்பது, எடுத்த புல்லைப் பாதியில் போடுவது, வாயை முன்காலால் தேய்ப்பது, கீழ்த்தாடை எலும்பு விளிம்பில் விரலை ஓட்டினால் சிறு முடிச்சுகள் தட்டுப்படுவது எல்லாம் இதன் அடையாளங்கள். வெட்டுப்பல்லின் நிறத்தையும் பாருங்கள். வளர்ந்த விலங்குக்கு மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறமே ஆரோக்கியம். வெளுத்த பல்லைச் சுத்தமான பல் என்று நினைத்துவிட வேண்டாம்.

வீட்டில் நகவெட்டியால் பல்லை நறுக்காதீர்கள், பிளந்துவிடும். மயக்க மருந்தோடு வாய்ப் பரிசோதனையும் மண்டை எக்ஸ்ரேயும் தேவைப்படும். விலங்கை வாங்குவதற்கு முன்பே ஒரு மருத்துவரைப் பிடித்து வைத்துக்கொள்ளச் சொல்வது இதற்காகத்தான். எலி, முயல் இனங்களைப் பார்க்கிறீர்களா, மூச்சுவழி மயக்க மருந்து உண்டா, மாலை ஏழுக்கு மேல் யாரை அழைப்பது என்று கேட்டு எழுதி வையுங்கள். அறுவைக்கு முந்தின இரவு பட்டினி போடச் சொன்னால் அவருக்குச் சின்சில்லா பழக்கமில்லை என்று புரிந்துகொள்ளலாம்.

தடுக்கும் வழி எளிது. திமோத்தி போன்ற உலர்புல் இருபத்துநான்கு மணி நேரமும், சின்சில்லா அளவுக்கு ஒரு குவியல் தினமும் புதிதாக. பெல்லட் நாளுக்கு ஒன்று அல்லது இரண்டு மேசைக்கரண்டி, நார்ச்சத்து 18 சதவீதத்துக்குக் குறையாதது, நிறம் நிறமாக விதையும் உலர்பழமும் கலந்த கலவை இல்லாமல். லூசர்ன் புல் (குதிரைமசால்) குட்டிக்கும் சினைக்கும் மட்டும். வைக்கோல் திமோத்திக்கு ஈடாகாது, சத்து மிகக் குறைவு. திராட்சை, வேர்க்கடலை, பாதாம், பிஸ்கட் அறவே வேண்டாம். கடிக்க ஆப்பிள், வில்லோ, மல்பெரிக் கிளை கொடுக்கலாம். எலுமிச்சை வகை, செர்ரி, யூகலிப்டஸ் கிளைகள் கூடாது.

புழுக்கை மெத்தென்று ஒட்டுகிறது

பெரும்பாலும் தீனி மாற்றம்தான் காரணம். புது பெல்லட்டை ஒரே நாளில் மாற்றியது, பழத்துண்டு, கீரை, அல்லது வீட்டுக்கு வந்தவர் கொடுத்த தின்பண்டம். பெல்லட்டையும் எல்லாக் கொசுறையும் நிறுத்தி, நல்ல உலர்புல்லும் தண்ணீரும் மட்டும் ஒரு நாள் கொடுங்கள். மறுநாளும் சரியாகாவிட்டாலோ, நீராகப் போனாலோ, விலங்கு சோர்ந்திருந்தாலோ புதுப் புழுக்கையைச் சிறு டப்பாவில் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணி இருக்கலாம். பெல்லட் மாற்றுவதானால் பழையதோடு கலந்து பத்துப் பதினான்கு நாளில் மாற்றுங்கள். புதிதாக வாங்கி வரும்போது, கடையில் தின்ற அதே பெல்லட்டில் ஒரு பொட்டலம் சேர்த்து வாங்குவது நல்லது.

ரோமம் கொட்டுகிறது

மூன்று விதமாகக் கொட்டும். பார்த்தே பிரிக்கலாம்.

வழுவழுப்பான வெறும் தோல், ஓரம் தெளிவாக, கூண்டில் கைப்பிடி ரோமம் ஒரே கொத்தாகக் கிடந்தால், யாரோ அழுத்திப் பிடித்திருக்கிறார்கள், அல்லது கூட்டாளி கடித்து இழுத்திருக்கிறது. பகைவன் வாயில் ரோமத்தை விட்டுவிட்டு ஓடும் தற்காப்பு அது. தோல் புண்ணாகாது, முளைக்கச் சில மாதம் ஆகும். தூக்கும்போது நெஞ்சுக்கூட்டை அழுத்தாமல், ஒரு கை நெஞ்சின் அடியிலும் இன்னொன்று பின்புறத்தின் அடியிலும் தாங்க வேண்டும்.

ரோமம் உதிராமல் பாதியில் வெட்டியது போலக் குட்டையாகி, அடியில் உள்ள கருஞ்சாம்பல் தெரிந்தால் அது தன் ரோமத்தைத் தானே மெல்லுகிறது. விலாவிலும் வால் அடியிலும் தொடங்கும். தலையிலும் முதுகின் மேல்பகுதியிலும் இருந்தால் கூட்டாளியின் வேலை. சலிப்பு, சிறிய கூண்டு, பகல் தூக்கத்தைக் கெடுக்கும் சத்தம், மறைந்திருக்கும் வலி, எல்லாம் காரணமாகலாம். உங்கள் நேர ஒழுங்கும் இதில் சேரும். திங்கள் முதல் வெள்ளி வரை கதவே திறக்காமல் ஞாயிறு மட்டும் மூன்று மணி நேரம் விளையாட விடுவதைவிட, தினமும் ஒரே நேரத்தில் முப்பது நாற்பது நிமிடம் கூண்டுக்கு வெளியே விடுவது பல மடங்கு நல்லது.

மூக்கு, கண் ஓரம், காது, பாதத்தில் செதிலோடு சொட்டையாக, சற்றுச் சிவந்திருந்தால் படர்தாமரை. மனிதருக்கும் தொற்றும். கையுறை போட்டுத் தொடுங்கள், குழந்தைகளைத் தள்ளி வையுங்கள், துணி விரிப்புகளைச் சுடுநீரில் துவையுங்கள், மருத்துவர் கொடுக்கும் பூஞ்சை மருந்தை முழுக் காலமும் கொடுங்கள். ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே வராத அறையில் இது திரும்பத் திரும்ப வரும்.

ரோமம் எண்ணெய்ப் பசையாகக் கற்றை கட்டினால் தூசிக் குளியல் (நுண்பொடியில் அது தானே புரள்வது) போதவில்லை. தண்ணீரில் ஒருபோதும் குளிப்பாட்டக் கூடாது. அடர்ந்த ரோமம் உள்ளே காயாமல் குளிரும் பூஞ்சையும் பிடிக்கும். சின்சில்லாவுக்கென்றே விற்கும் நுண்பொடியைக் கனமான கண்ணாடி ஜாடியில் மூன்று நான்கு சென்டிமீட்டர் உயரம் நிரப்பி, வாரம் மூன்று நான்கு முறை, பத்துப் பதினைந்து நிமிடம் வைத்து எடுத்துவிடுங்கள். மணல் ரோமத்தை அறுக்கும். முகத்துக்குப் பூசும் வாசனை முல்தானி மிட்டியும் குழந்தைப் பவுடரும் வேண்டாம். ஜாடியைப் பகல் முழுக்க உள்ளேயே விட்டுப் போனால் அதைக் கழிப்பறையாக்கிக்கொள்ளும், தோல் வறளும், கண் எரியும். இன்னொன்று: இந்தத் தூசி ஏசி வடிகட்டியை அடைக்கும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கழுவாவிட்டால் கோடையின் நடுவில் குளிர்ச்சி குறைந்து, மேலே சொன்ன கதைக்கே திரும்ப வேண்டியிருக்கும்.

கண்ணில் நீர், கண் பாதி மூடியிருக்கிறது

இரண்டு கண்ணிலும், குளித்த அன்று மட்டும் என்றால் தூசி. இரண்டு நாள் குளியலை நிறுத்துங்கள். ஒரு கண்ணில் தொடர்ந்து வந்தால் பல்லையோ விழியில் கீறலையோ சந்தேகிக்க வேண்டும். மனிதக் கண் சொட்டு மருந்தை எடுத்து ஊற்றாதீர்கள். ஸ்டீராய்டு கலந்ததாக இருந்தால் கீறல் புண்ணாகும்.

காலைத் தூக்கி வைத்திருக்கிறது

சின்சில்லாவின் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு நீளம், ஆனால் மெல்லியது, எளிதில் முறியும். கம்பிவலைத் தரையிலும், அது ஓடி விளையாட வைக்கும் ஆரக்கால் உள்ள சக்கரத்திலும் கால் சிக்கிக் காலையில் தொங்கிக்கொண்டிருப்பதுதான் வழக்கமான விபத்து. உடைந்திருக்கலாம் என்று தோன்றினால் கட்டுப் போட முயலாமல், அடியில் துணி விரித்த சிறிய பெட்டியில் நகரவிடாமல் வைத்து எக்ஸ்ரேவுக்குக் கொண்டு போங்கள். கம்பி இடைவெளி ஓர் அங்குலத்துக்குக் குறைவாகவும், குட்டிக்கு அரை அங்குலமாகவும் இருக்கட்டும். தட்டுகளை மாடிப்படி போல மாற்றி மாற்றி, ஒன்றுக்கொன்று 15 முதல் 20 சென்டிமீட்டருக்குள் பொருத்துங்கள். தவறி விழுந்தாலும் அடுத்த தட்டில்தான் விழும். சக்கரம் உலோகத்தில், மூடிய ஓடுபாதையோடு, குறைந்தது 38 சென்டிமீட்டர் விட்டம். பிளாஸ்டிக் தட்டு, பிளாஸ்டிக் பெட்டி எல்லாம் கடிபட்டுக் குடலுக்குள் போகும். அடுப்பில் உலர்த்திய பைன் மரம் சரி, தேவதாரு வகை வாசனை மரம் கூடாது.

இரவெல்லாம் சத்தம்

இது நோய் இல்லை, ஆனால் காலை ஆறு மணிக்கு எழ வேண்டியவருக்கு இதுவே பெரிய பிரச்சினை. பலர் முதல் மாதத்தில் விலங்கைத் திருப்பிக் கொடுப்பதும் இதற்காகத்தான். கூண்டைப் படுக்கையறையில் வைக்காதீர்கள். ஒரே ஏசி அறைதான் உண்டு என்றால், வாங்கும் முன் நன்றாக யோசியுங்கள்.

சக்கரம் கிறீச்சிட்டால் பேரிங்கைக் கழற்றித் துடைத்து, சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடுங்கள், இயந்திர எண்ணெயை நக்கிவிடும். அதிகாலையில் கம்பியைக் கடிக்கிறது என்றால் பெரும்பாலும் புல் தீர்ந்திருக்கும். மாலையில் போடும் புல்லில் பாதியை நிறுத்தி, நீங்கள் படுக்கப் போகும்போது போடுங்கள். வெளியே விளையாடவிடுவதை ஒன்பது மணிக்கு மேல் வைத்தால், திரும்பக் கூண்டுக்குள் போய்ச் சற்று ஓயும். விளையாடும் அறையில் மின்கம்பி ஒன்றுகூடத் தரை மட்டத்தில் இருக்கக் கூடாது. ஃபிரிட்ஜின் பின்புறம், சோபாவின் அடி, வாளித் தண்ணீர், திறந்த கழிப்பறை மூடி எல்லாம் ஆபத்து.

நள்ளிரவில் திடீரென்று நாய்க்குட்டி போலக் குரைத்தால் பயந்திருக்கிறது. விளக்கைப் பளிச்சென்று போடாமல், மெதுவாகப் பேசிக்கொண்டு அருகில் போங்கள். பின்னங்காலில் நின்று உங்கள்மேல் சிறுநீரைப் பீச்சினால் பெரும்பாலும் அது பெண், "போ" என்று சொல்கிறது. கையை எடுத்துவிடுங்கள். திட்டினால் புரியாது.

கிட்டே வரவே மாட்டேன் என்கிறது

முதல் வாரம் தொடவே வேண்டாம். பகலில் பெட்டியிலிருந்து எழுப்பி வெளியே இழுப்பது உறவைக் கெடுக்கும் முதல் தவறு. வார இறுதியில் நேரம் கிடைத்தாலும் பகலில் எழுப்பாதீர்கள். மாலை ஒரே நேரத்தில் கூண்டருகே உட்கார்ந்து, அன்றைய பெல்லட் பங்கிலிருந்தே ஒவ்வொன்றாகக் கையில் நீட்டுங்கள். தின்பண்டம் தேடி அலைய வேண்டாம், பழக்கமான பெல்லட்டே போதும். சில வாரத்தில் கையில் ஏறும். சில ஆண்டுக்கணக்கிலும் மடியில் உட்காராது, அதுவும் ஆரோக்கியமான சின்சில்லாதான்.

துணைக்கு இன்னொன்று வாங்குவதானால் ஒரே பாலாக இருக்கட்டும். இரண்டு கூண்டை அருகருகே வைத்து, விரிப்புகளை மாற்றி மாற்றிப் போட்டு வாசனை பழக்கிய பிறகே சேருங்கள். வெள்ளிக்கிழமை மாலை சேர்த்து வைத்தால் சனி ஞாயிறு கண்காணிக்கலாம். திங்கள் காலை சேர்த்துவிட்டு வேலைக்குப் போகக் கூடாது. ரோமம் பறந்தால் அல்லது இரத்தம் வந்தால் பிரித்துவிடுங்கள். ஆணையும் பெண்ணையும் சேர்த்தால் சுமார் 111 நாளில் குட்டி, குட்டி போட்ட அன்றே மீண்டும் சினையாகவும் கூடும்.

ஆண் அடிக்கடி தன்னை நக்கிக்கொண்டே இருக்கிறது

குறியைச் சுற்றி ரோமம் வளையமாக இறுகியிருக்கலாம். மாதம் ஒரு முறை மேல்தோலை மெல்லப் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். முதல் முறை மருத்துவர் கையால் செய்து காட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள். வளையம் தெரிந்தால் நீரில் கரையும் மசகைத் தடவி மெல்ல உருட்டி எடுக்கலாம். வீங்கியிருந்தால், உள்ளே திரும்பப் போகாமல் நின்றால், அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். கவனிக்காமல் விட்டால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு அழுகும்.

இரவு வீடு திரும்ப முடியாத நாள்

கூடுதல் வேலையால் பத்து மணி ஆனால் பெரிய கேடில்லை, காலையில் போட்ட புல்லும் இரண்டு பாட்டிலும் தாங்கும். தானியங்கி பெல்லட் பெட்டியை நம்பி இரண்டு நாள் விட்டுப் போவது வேறு. பெல்லட் விழுந்ததா என்று அது சொல்லும், தின்றதா என்று சொல்லாது. ஒரு நாள் வெளியூர் என்றாலும் பகலுக்கு ஒரு முறை ஆள் வர வேண்டும். வருகிறவருக்கு ஒரே தாளில் எழுதி ஒட்டுங்கள்: வெப்பமானி எண், தட்டில் புழுக்கையின் படம் கைப்பேசிக்கு, புல் எவ்வளவு மிச்சம், பாட்டில் குண்டைத் தட்டிய விவரம், மருத்துவரின் எண், சிரிஞ்சும் தூளும் தூக்குக் கூண்டும் எந்த அலமாரியில் என்று. விலங்கைத் தூக்கச் சொல்லாதீர்கள். பழகாத கைக்கு அது ரோமத்தைக் கொடுத்துவிட்டு அலமாரிக்குப் பின்னால் போய்விடும், அங்கிருந்து எடுக்க நீங்கள்தான் ஊரிலிருந்து வர வேண்டியிருக்கும்.